குண்டு பாட்டில் சென்ட்

"அப்பா காய்ச்சல்ல படுத்து எழுந்து மூணு மாசமாச்சு. இன்னும் வேலைக்குப் போகல. உனக்குக் காலங்காத்தால சென்ட் கேக்குதாம்மா?"

மகள் கேட்டதை அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே சென்ட்தான். குண்டு பாட்டில், மஞ்சள் மூடி, அலமாரியைத் திறந்தாலே ஆளைத் தூக்கும் வாசனை. முன்பெல்லாம் ஏதாவது விசேஷத்துக்குத்தான் வெளியே வரும். இப்போது தினமும்.

அடித்துக்கொண்டு நேரே அப்பாவின் நாற்காலிக்குப் போவாள். புதுப்பெண் மாதிரி பக்கத்தில் குனிந்து நிற்பாள்.

"எப்படிங்க இருக்கு?"

"அருமை" என்பார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா பேக்கரி மாஸ்டர். அடுப்பைத் திறக்காமலே ரொட்டி வெந்த பதம் சொல்கிறவர். காய்ச்சலுக்கு அப்புறம் இரண்டு நாள் போனார். இரண்டு நாளும் அத்தனையும் கரிந்துவிட்டது. உடம்பு அசதி என்று சொல்லிவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். முதலாளி வேறு மாஸ்டர் தேடுவதாகப் பேச்சு. இந்த லட்சணத்தில் அம்மாவுக்கு சிங்காரம்.

"நான் வாங்கிக் குடுத்த புது சென்ட் சும்மா கிடக்கு. அதையாவது அடிச்சுக்கயேன். இது ஊரையே கூட்டுது."

"எனக்குப் பழசுதான் வேணும்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை மகள் குண்டு பாட்டிலைத் தன் கைப்பைக்குள் ஒளித்துவைத்தாள். அம்மா அலமாரியைத் தலைகீழாகப் புரட்டினாள். கடைசியில் வேறு வழியில்லாமல் புது சென்ட்டை அடித்துக்கொண்டு நாற்காலிக்குப் போனாள்.

"எப்படிங்க இருக்கு?"

அப்பா பேப்பரை மெல்ல இறக்கினார்.

"இது வேற ஏதோ மாதிரி இருக்கே. உன்னோடது எங்க?"

அம்மா சமையலறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஓடிவந்த மகளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இந்தாம்மா உன் பாட்டில். நான்தான் ஒளிச்சு வெச்சேன். ஒரு சென்ட்டுக்குப் போய் இப்படி அழலாமா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு.

"காய்ச்சலோட அவருக்கு வாசனையே தெரியாமப் போயிடுச்சுடி. ரொட்டி கரிஞ்சது அதனாலதான். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு என்கிட்டகூட மறைச்சாரு. நானாத்தான் கண்டுபிடிச்சு டாக்டர்கிட்ட போய்க் கேட்டேன். நல்லாப் பழகின வாசனையை விடாம காட்டுங்க, திரும்ப வரலாம்னாரு."

"தினமும் அருமைன்னு சொன்னாரே?"

"போன வாரம் ஒருநாள் வெறும் தண்ணியத் தடவிக்கிட்டுப் போய் நின்னேன். அன்னிக்கும் அருமைன்னுதான் சொன்னாரு."