நான்காவது இயந்திரம்

சுவரில் 4 என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே அவள் பாயை விரித்தாள்.

கணவனைப் படுக்க வைத்தாள். வீங்கிய கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்தாள்.

பிறகு நர்சைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், நாலாவது மெஷினப் போடுங்க."

தாலுகா ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறை. சுவரில் நான்கு எண்கள். ஒன்றின் கீழே மட்டும் இயந்திரம். மற்ற மூன்றின் கீழே தரை.

வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டிய மனிதருக்கு ஒரு முறைதான் கிடைத்தது. இருபத்திரண்டு பேருக்கு அந்த ஒன்றுதான்.

நர்ஸ் பிரிசில்லாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"நாலாவது எங்க இருக்குக்கா?"

அவள் ஒரு தாளை நீட்டினாள்.

தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் எழுத்து மூலம் கேட்ட கேள்வி. ஏழு நாள் அவர் வீட்டு வாசலில் நின்று அவள் கேட்க வைத்த கேள்வி. பக்கத்திலேயே அமைச்சரின் பதில்.

(அ) மேற்படி மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரங்கள் எத்தனை?

நான்கு.

(ஆ) அவை இயங்குகின்றனவா?

ஆம்.

(இ) இல்லையெனில், எப்போது இயங்கும்?

இவ்வினா எழவில்லை.

பிரிசில்லா குரலைத் தாழ்த்தினாள். "ஃபைல்ல வந்துருச்சுக்கா. லாரியிலதான் இன்னும் வரல."

பாய் விரித்தவள் வத்தல் வியாபாரி. சாம்பிளுக்கு ஒரு சரக்கு, மூட்டைக்குள் ஒரு சரக்கு என்று வருகிறவர்களை முப்பது வருடமாகப் பார்த்தவள். சந்தையில் அப்படிச் செய்தால் மூட்டையைத் தெருவில் கொட்டுவார்கள்.

சட்டசபையில் செய்தால் மேசையைத் தட்டுகிறார்கள்.

"எல்லாரும் பாக்குறாங்க. எந்திரி, போவோம்," என்றார் கணவன். இதைச் சொல்லவே இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

"பாக்கத்தான வந்திருக்கோம்," என்றாள்.

பெரிய டாக்டர் வந்தார். இது ஆஸ்பத்திரி, சந்தை இல்லை என்று அதட்டினார்.

"சந்தைன்னா இந்நேரம் சரக்கு வந்திருக்கும் சார். ரெண்டுல ஒண்ணு செய்ங்க. மெஷினக் காட்டுங்க. இல்ல, மந்திரி சொன்னது பொய்யினு இந்தத் தாள்லயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் பாயச் சுருட்டிட்டுப் போறேன்."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

திரும்பவும் பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் 2க்குக் கீழே ஒரு பாய். 3க்குக் கீழே ஒரு பாய். இல்லாத இயந்திரங்களுக்கு முறை வைத்துக்கொண்டு படுத்தார்கள். "கால நீட்டாதீரும்வே, மூணாவது மெஷின்ல கரண்டு போயிரும்," என்றார் ஒருவர். இருமிக்கொண்டே எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் 2க்குக் கீழே படுத்திருந்த கொத்தனார் கண் திறக்கவில்லை.

அவருடைய பாயை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. அவள்தான் சுருட்டினாள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உறுப்பினர் வீட்டுக்குப் போனாள். அவருடைய வரவேற்பறையில், சோபாவுக்கு முன்னால் விரித்தாள்.

உறுப்பினர் அன்றே உரிமை மீறல் நோட்டீஸ் கொடுத்தார். அமைச்சர் தவறான தகவலைத் தந்து சபையை அவமதித்துவிட்டார் என்று.

மேலே இருப்பவர்கள் அரண்டுபோனார்கள். கொத்தனார் செத்ததற்கு அல்ல. அதற்கு இரங்கல் போதும். சபையிடம் பொய் சொன்னதாக நிரூபணமானால் பதவிக்கு ஆபத்து.

திங்கட்கிழமை லாரி வந்தது.

மூன்று இயந்திரங்கள். இரண்டு, மூன்று, நான்கு. பெரிய டாக்டர் நடுவில் நிற்க, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். பதில் உண்மையாகிவிட்டது.

செவ்வாய் காலை கணவனை நான்காவதில் இணைத்தார்கள். குழாயில் ரத்தம் ஓடியது. ஒரு மணி நேரத்தில் மூச்சிரைப்பு தணிந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தூங்கினார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

சரக்கைப் புரட்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. எட்டி இயந்திரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

பிளாஸ்திரி போட்டு ஒட்டிய ஓர் அட்டை. அவசரத்தில் யாரும் கிழிக்கவில்லை.

ஆலங்கரை அரசு மருத்துவமனை.

செவ்வாய், வியாழன், சனி.

காலை: பூரணம், வயது 34.

மதியம்: இஸ்மாயில், வயது 51.

கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தரை.

"சிஸ்டர், ஆலங்கரையில இப்ப எத்தன மெஷின் இருக்கு?"

பிரிசில்லா அட்டையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"நாலுன்னு போன வருஷமே பதில் குடுத்தாச்சுக்கா."

அவள் மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பிரிசில்லாவிடம் பேனா வாங்கினாள்.

(அ) என்று எழுதினாள்.

இந்தக் கேள்வி போனால் எந்த லாரி வரும், எதை ஏற்றிக்கொண்டு எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

கணவன் தூக்கத்தில் அவள் பக்கமாகத் தலையைத் திருப்பினார். இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்று இயந்திரம் காட்டியது.

"எழுதலன்னா பேனாவக் குடுங்கக்கா," என்றாள் பிரிசில்லா.

அவள் கொடுக்கவில்லை.