கை படாத சைக்கிள்

அப்பா சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். மறுபடியும் ஒரு சுற்று வந்தார்.

ஹாலின் நடுவில், சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதற்கென்றே செய்த ஸ்டாண்டில் சைக்கிள் நின்றது. பக்கத்தில் இவர், அதாவது என் வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அப்பா இவரிடம் பேசியதெல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும்தான். மரியாதையாக மாப்பிள்ளை என்று கூப்பிடுவார். அதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

அப்படிப்பட்டவர், என் அண்ணனோடு மாடி வீட்டுக்குக் குடிபோனபோது, தான் பந்தயங்களில் ஓட்டிய ஸ்டீல் ரேஸ் சைக்கிளை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் புதுசு மாதிரி ஆக்கிக் காட்டி, அந்த மனிதர் வாயால் ஒரு ‘பரவாயில்லை’யாவது வாங்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

முதலில் பெடலைக் கழற்றினார். தேய்ந்திருந்ததாம். அதே வருஷத்துப் பெடல் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். அப்புறம் பிரேக், கியர், செயின், சக்கரம், சீட், ஹேண்டில். பழசெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்பக்கத்துச் சாக்கின் மேல் போய் விழுந்தது.

கடைசியில் ஃபிரேம். அப்பா ஏதோ ஒரு பந்தயத்தில் விழுந்தபோது ஹேண்டில் திரும்பி அடித்து, பார் கம்பியில் ஒரு நசுங்கல். அது இவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அதே கம்பெனி, அதே வருஷம், அதே அளவில் நசுங்காத ஃபிரேம் ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. நசுங்கியது பின்பக்கச் சுவரோரம் போனது.

இப்போது குறை சொல்ல ஒரு திருகாணி கிடையாது. இவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள் வந்து முட்டி போட்டுப் பார்ப்பார்கள். எல்லோருமே ஒரு போல்ட்டின் தலையைப் பார்த்து வருஷம் சொல்கிறவர்கள். விரல் பட்டால் ரேகை விழும் என்று இவர் பாக்கெட்டிலேயே ஒரு துணி வைத்திருப்பார். வானம் தெளிவாக இருந்தால்தான் வெளியே எடுப்பார். வழியில் ஒரு மேகத்தைக் கண்டால் திரும்பி வந்துவிடுவார்.

அப்பா குனிந்து, பார் கம்பியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. கொஞ்சம் முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி அங்கேயே நின்றது.

இவர் பெயிண்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எத்தனை கோட்டிங், எவ்வளவு நாள் காய்ந்தது. அப்பா தலையாட்டினார். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டில் உப்பில்லாவிட்டால் அப்படித்தான் தலையாட்டுவார். எனக்கு இவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்புறம் அப்பா, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டார்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. காலையில் மழை பெய்து தெருவெல்லாம் சேறு. மாமனாரிடம் முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை, சைக்கிளைச் சேற்றில் இறக்கவும் மனசு வரவில்லை. மென்று முழுங்கி, ரோடு ஈரமாக இருக்கிறது, பின்பக்கம் இவள் சைக்கிள் இருக்கிறது, அதில் போய்விட்டு வாருங்களேன் என்றார்.

என்னுடையது காய்கறி வாங்கப் போகிற சைக்கிள். முன்னால் கூடை மாட்டி, பழைய பெட்ஷீட் போர்த்தி நிறுத்தியிருப்பேன். கூடை மாட்டிய எதையும் இவர் சைக்கிள் கணக்கில் சேர்ப்பதில்லை. அது எங்கிருந்து வந்தது என்றுகூடக் கேட்டதில்லை.

அப்பா பின்பக்கம் போனார். பெட்ஷீட்டை உருவும் சத்தம் கேட்டது. அப்புறம் கூடையைக் கழற்றி வைக்கும் சத்தம்.

இவர் அதற்குள் பார் கம்பியில் விழுந்த ரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சுற்று என்று போனவர் வருவதாகக் காணோம். நாங்கள் இருவரும் வாசலில் போய் நின்றோம். தெருமுனையில் அப்பா தெரிந்தார். கூடை இல்லை. முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, தேங்கிய தண்ணீரைத் தெறிக்கவிட்டபடி வந்தார். முழங்கால் வரை சேறு. வழியில் செயின் கழன்று மாட்டியிருப்பார் போல, கையெல்லாம் கிரீஸ்.

வாசலில் காலை ஊன்றி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, இவரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். அப்பா இவரைப் பார்த்து அப்படிச் சிரித்ததே இல்லை.

“அப்படியே இருக்கு மாப்பிள்ளை! உள்ள நிக்கிறதப் பாத்து நான் பயந்தே போயிட்டேன். என் வண்டியில கை வைக்காம விட்டீங்களே, அது போதும் எனக்கு.”

இவர் ஒன்றும் விளங்காமல் சைக்கிளைப் பார்த்தார். தேய்ந்த பெடல். கிழிந்த சீட். பார் கம்பியில் ஒரு நசுங்கல், அதில் கச்சிதமாக உட்கார்ந்திருந்த அப்பாவின் கட்டைவிரல்.

எல்லாம் இவர் கையாலேயே கழற்றிப் போட்டவை. கழற்றிப் போட்டதையெல்லாம் சேர்த்தால் ஒரு முழு சைக்கிள் வரும் என்பது இவ்வளவு தெரிந்த மனிதருக்குத் தோன்றவில்லை. சின்ன வயதில் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவளுக்குத் தோன்றியது.

இவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

“கை வைக்க மனசே வரல மாமா,” என்றார் இவர்.

அப்பா இவர் தோளில் ஓங்கித் தட்டிக்கொடுத்தார். சேறும் கிரீஸுமாக ஐந்து விரலும் வெள்ளைச் சட்டையில் அப்படியே பதிந்தன.

இவர் பாக்கெட்டிலிருந்த துணியை எடுக்கவே இல்லை.