பிரேக் பாடம்

சன்னலில் காயும் துணிகளின் ஊடே வரும் பிற்பகல் வெயில், கட்டிலில் சாய்ந்திருக்கும் கணவனின் கையிலுள்ள கேள்விப் புத்தகத்தின்மேல் விழுகிறது. லாரி ஓட்டும் லைசென்சுக்கான எழுத்துத் தேர்வு நாளை காலை. எழுதப்போகிற மனைவி தரையில் உட்கார்ந்து, அவனுடைய கால்சட்டையின் வலப்பக்கத்தை முழங்காலோடு மடித்துத் தைக்கிறாள். அதற்குக் கீழே இப்போது கால் இல்லை. பிரேக் சரியில்லை என்று அவன் இரண்டு முறை சொல்லியும், "போயிட்டு வா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று லாரியை அனுப்பியவர் கம்பெனி மேனேஜர். டிரைவர் சோதிக்காமல் வண்டியை எடுத்தார் என்று விபத்துக்குப் பிறகு எழுதிக் கொடுத்தவரும் அவரே.

"பிரேக்குல காத்து பிரஷர் குறைஞ்சா என்ன ஆகும்?"

"எச்சரிக்கை விளக்கு எரியும். சத்தமும் வரும்."

"வண்டியில குறை இருக்குன்னு தெரிஞ்சா?"

ஊசி நிற்கிறது. "எடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும். அதே கம்பெனி ஷெட்டுல, எல்லாரும் பாக்க, அந்த மேனேஜரக் கையெழுத்துப் போட வச்சு வாங்கிக்கணும்."

"இதுல 'எடுக்கக் கூடாது'ன்னு மட்டும்தான் போட்டிருக்கு."

"பரீட்சையில அத எழுதுறேன்."

"பொம்பளைக்கு அவன் வண்டி குடுப்பானா?"

"டிரைவர் தேவைன்னு ஷெட்டு வாசல்ல போர்டு தொங்குது. குடுப்பான்."

பல்லால் நூலை அறுக்கிறாள். தெருவில் ஏதோ கனத்த வண்டி போக, சன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்குகிறது. அவன் பக்கத்தைத் திருப்பவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு."

"எத?"

"அவன் கையெழுத்துப் போடுறத."