இரண்டு துளையிலும் காற்று

சன்னல் வெயில் விழும் நாற்காலியில் தையல்காரர் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். அறுவை செய்த மூக்கின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டர் அச்சை மருத்துவர் பெயர்த்தெடுக்கிறார். உள்ளே தாங்கலாக வைத்திருந்த தகடுகளையும் உருவிக் கிண்ணத்தில் போடுகிறார். பள்ளிக்கூடத்தில் பந்து பட்டுக் கோணிப்போன மூக்கு கைக்கண்ணாடிக்குள் நேராக நிற்கிறது. “இப்பத்தான் மூக்கும் முழியுமா இருக்கீங்க,” என்று நர்ஸ் சிரிக்கிறார். தையல்காரர் கண்ணாடியைச் சற்றுத் திருப்பி, பின்னால் நிற்கும் மனைவியின் முகத்தைத் தேடுகிறார். அவள் மருந்துச் சீட்டை நான்காக மடித்து, அவர் துணிக்குச் செய்வதுபோலவே மடிப்பில் நகத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். “இனிமே குறட்டை வராதும்மா. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல நிம்மதியா தூங்கலாம்,” என்கிறார் மருத்துவர். “பதினோரு வருஷமாச்சு டாக்டர். எனக்குப் பக்கத்து ரூமே பழகிடுச்சு,” என்கிறாள், துளி கோபமில்லாமல். மருத்துவர் பேச்சை மாற்றுகிறார். “வாயை மூடிக்கிட்டு மெதுவா மூச்சை இழுங்க.” அவர் இழுக்கிறார். இரண்டு துளையிலும் காற்று சில்லென்று ஏறுகிறது. அதோடு, மறந்தே போயிருந்த அவள் தலையெண்ணெய் வாசம். அவர் திரும்புவதற்குள், “வெளியில உட்கார்ந்திருக்கேன்,” என்று அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. அவர் இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறார். எந்த அடைப்பும் இல்லாமல் பினாயில் வாடை மட்டும் வருகிறது.