பன்னிரண்டாவது நாற்காலி

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். போதகர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்காலிட்டபடியே ஒவ்வொருவர் காலாகக் கழுவி வருகிறார். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து ஆண்டுக்கு ஒருமுறை செய்வது. நாங்கள் யாரும் அழுக்குக் காலோடு வந்துவிடவில்லை. வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர்கூடப் பூசிக்கொண்டு வந்திருக்கிறோம். பதினோராவதாக என் காலையும் கழுவித் துடைத்தாயிற்று. பாத்திரத்துத் தண்ணீர் இன்னும் குடிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. பக்கத்து நாற்காலி மட்டும் காலி. அதில் உட்கார வேண்டியவர் பெயிண்டர். வேலை முடிந்து நேராக வந்திருந்தார், வெடித்த குதிகாலெல்லாம் பெயிண்ட். "இந்தக் காலோடயா உக்காரப்போறீங்க? போய்க் குழாயில நல்லா கழுவிட்டு வாங்க" என்று வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பியவன் நான்தான். ஜன்னல் வழியே குழாய்ச் சத்தம் கேட்கிறது. கூடவே, கல்லில் குதிகாலைத் தேய்க்கும் சத்தம், சொரசொரவென்று, நிற்காமல். போதகர் காலி நாற்காலிக்கு முன் நகர்ந்து வந்து காத்திருக்கிறார். "இவர் எங்க?" என்கிறார் மெதுவாக. நான் வேதாகமத்தைப் பிரித்து, அதற்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொள்கிறேன். வெளியே சத்தம் நிற்கிறது. ஈரக் கால்தடம் பதிய அவர் உள்ளே வருகிறார். ஒரு குதிகாலில் ரத்தம் கசிகிறது. முழங்காலிட்டிருக்கும் போதகரை விட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்கிறார்: "இப்ப உக்காரலாமாண்ணே?"