அக்கரைக்குப் போன பெயர்

வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

கடைசிக் குண்டை வண்டியோடு தள்ளிவந்து விமானத்தின் வயிற்றுக்கு நேர்கீழே நிறுத்தியாகிவிட்டது. இனி மேலே இழுப்பது சங்கிலியின் பாடு. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தான்.

"என்னண்ணே, புதுப் பொண்ணு மாதிரி உக்காந்துட்டே? இன்னிக்குப் பாதிச் சுமைதானே," என்றான் கூடத் தள்ளிவந்த ஓட்டைவாய். "பெட்ரோல் வண்டிதான் ரெண்டு நடை வந்துட்டுப் போச்சு."

அதைத்தான் அவனும் மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

விமானம் எங்கே போகிறது என்று கூலிக்காரனுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம். கிட்டத்தில் என்றால் குண்டு நிறைய, பெட்ரோல் கொஞ்சம். பெட்ரோலை நிரப்பிக் குண்டைக் குறைத்தால் தூரம். இவ்வளவு தூரத்துக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது அந்தத் துறைமுகம் ஒன்றுதான்.

அவன் தம்பி அங்கேதான் மூட்டை தூக்குகிறான். துறைமுகம் எதிரி கைக்குப் போன நாளிலிருந்து, இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது.

இதை அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் வேலை போகும். வேலையோடு விடுவார்களா, உளவாளி என்று உள்ளே தள்ளுவார்களா என்பது அன்றைக்கு மேஸ்திரி யார் முகத்தில் விழித்தார் என்பதைப் பொறுத்தது.

இந்த விமான மைதானத்துக்குக் கல் உடைத்துப் போட்டதே இந்தக் கூலிக்காரர்கள்தான். முதலில் சின்ன விமானங்கள் வந்தன. பெரியவை வந்தபோது ஓடுபாதை போதவில்லை, நீட்டினார்கள். சோளக்கொல்லை போயிற்று. பிறகு சுடுகாடும் போயிற்று. செத்தவனையும் காலி பண்ண வச்சுட்டாங்களே என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தவன் ஓட்டைவாய்.

பெயர் எழுதும் விளையாட்டையும் அவன்தான் ஆரம்பித்தான். கடைசியாக ஏற்றுகிற குண்டில் இவர்களில் ஒருவன் பெயரைச் சாக்பீஸால் எழுதுவது. முறை வைத்து, ஆளுக்கு ஒரு நாள். நாமதான் காலம் பூரா கீழேயே கிடக்கிறோம், பேராவது ஏரோப்ளேனில் போகட்டுமே என்றான். எழுத்துத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். சார்ஜண்ட் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார்.

இன்றைக்கு இவன் முறை.

தோளைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஓட்டைவாய் எழுதி முடித்திருந்தான். பச்சை இரும்பின்மேல் கொட்டை கொட்டையாக, வெள்ளை வெளேரென்று. படிக்கத் தெரியாவிட்டாலும் தன் பெயர் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

சங்கிலி முறுகியது. குண்டு எழும்பியது.

அவன் எழுந்து ஓடினான். தலையில் கட்டியிருந்த துண்டை உருவித் துடைத்தான். வியர்வையில் ஊறிய துண்டு. எழுத்து கரைந்து மறைந்தது.

"ஏண்ணே, என் எழுத்து அவ்வளவு கோணலாவா இருக்கு?"

"என் பேரு அங்க போகவேணாம்."

"போனா என்ன? அங்க உன்னை யாருக்குத் தெரியும்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். குண்டு உள்ளே போயிற்று. விமானத்தின் வயிற்றுக் கதவுகள் மூடிக்கொண்டன.

அவன் துண்டைப் பிரித்துப் பார்த்தான். வெள்ளை கொஞ்சம்தான் ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் சாக்பீஸ் அப்போதைக்குத்தான் மறையும், காய்ந்ததும் மறுபடி தெரியும். வண்டிப் பலகையில் கணக்கெழுதித் துடைக்கும்போது தினம் பார்ப்பதுதான். அவசரத்தில் மறந்துவிட்டான்.

கடலைத் தாண்டுவதற்குள் காய்ந்துவிடும்.

அங்கே அந்தப் பெயருக்கு ஆள் இருக்கிறது.

சண்டைக்கு ரொம்ப முன்னால், அந்தத் துறைமுக வேலைக்கு ஊரில் ஆள்பிடிக்க வந்த ஏஜெண்டு எழுதிக்கொண்டு போனது இவன் பெயரைத்தான். கப்பல் ஏறும் அன்றைக்கு இவனுக்குக் கொதிக்கிற காய்ச்சல். ஒரு தலை குறையக்கூடாது என்று ஏஜெண்டு குதித்தான். தம்பி அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறினான். அங்கே அவனை எல்லோரும் கூப்பிடுவது இன்றைக்கும் அந்தப் பெயரால்தான்.

"ஒரு வருசம் சமாளிச்சுக்கிறேண்ணே. அதுக்குள்ள வந்து என்னை மாத்திவிட்டுரு," என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

வருகிறேன் என்று இவனும் தலையாட்டினான்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. பிறகு கல்யாணம். பிறகு குழந்தை. பிறகு கூரை மாற்றவேண்டியிருந்தது. கப்பல்கள் போய்க்கொண்டேதான் இருந்தன, சண்டை வருகிறவரைக்கும்.

விமானம் கனத்துப்போய், அவர்கள் கல் போட்ட பாதையில் உருண்டது. சுடுகாடு இருந்த இடம்வரை ஓடித்தான் தரையை விட்டது.

"நாளைக்கு யாருப்பா முறை?" என்று கேட்டுக்கொண்டிருந்தான் ஓட்டைவாய்.

இவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். தம்பியைப் போய் மாற்றிவிடுகிற கடன் அப்படியே நிற்கிறது.