டிக் டிக் சத்தத்துக்கு யார் காசு தருவா?

"வாட்ச் பக்கத்துல போனை வெச்சா, டிக் டிக் சத்தத்தைக் கேட்டுட்டு, ஒரு நாளைக்கு எத்தனை செகண்ட் பின்தங்கி ஓடுதுன்னு சொல்லுமாம். இதுக்கு நீ ஒரு ஆப் எழுதி வெச்சிருக்க. அதை வாங்கவும் நாலு பைத்தியம்."

சட்டம் படிக்கிற தங்கச்சி காலையிலயே ஆரம்பிச்சுட்டா. அக்கா லேப்டாப்லேருந்து கண்ணை எடுக்கல.

"சாவி குடுத்து ஓட்டுற வாட்ச் இந்தக் காலத்துல யார்கிட்ட இருக்கு? வர்ற காசு, ஆப் ஸ்டோருக்கு வருஷா வருஷம் கட்டுற பணத்துக்கே பத்தல. ஆபீஸ் விட்டு வந்தா இதையே கட்டிக்கிட்டு அழற. இதை மூடித் தொலையேன்."

"முடிச்சியா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"சீக்கிரம் முடி. இதை விலைக்குக் கேட்டு ஒரு கம்பெனிக்காரர் வீடியோ கால்ல வர்றார்."

தங்கச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு அக்கா பக்கத்துல உக்காந்தா.

"நீ பேசாத. அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டிடுவ. நான் பேசறேன்."

திரையில வந்தவர் சிரிச்ச முகமா ஒரு தொகை சொன்னார். "ரொம்பச் சின்ன மார்க்கெட்மா. வாட்ச் பைத்தியங்கதான் வாங்குவாங்க."

"யாரைப் பைத்தியம்ங்கறீங்க?" தங்கச்சி பிடிச்சுக்கிட்டா. "ஊரே இறக்கிட்டு மறுநாள் அழிக்கிற ஆப் வேணுமா, கொஞ்சம் பேர்னாலும் தினமும் தொறக்கிற ஆப் வேணுமா? வாங்கினவங்கள்ல ஒருத்தர்கூட இதை அழிக்கல. பாத்துட்டுப் பேசுங்க. எங்க அக்கா உயிரைக் குடுத்து செஞ்சிருக்கா சார். உங்க ஆளுங்களால முடியும்னா எங்ககிட்ட ஏன் வர்றீங்க?"

அக்கா இவளையே பார்த்தா. அந்தக் கணக்கையெல்லாம் இவ எப்ப பார்த்தா?

அவர் விலையை ஏத்தினார். தங்கச்சி அசையல. இன்னும் ஏத்தினார். அப்புறம் அக்காகிட்ட கேட்டார்.

"உண்மையைச் சொல்லிடறேன்மா. எங்ககிட்டயும் இதே மாதிரி ஆப் இருக்கு. ஆனா பக்கத்துல யாராவது தும்மினாக்கூடக் குழம்பிடுது. உங்களுது மட்டும் எவ்வளவு கூச்சல்லயும் வாட்சைச் சரியாக் கேக்குது. எப்படி?"

அக்கா கொஞ்சம் தயங்கினா. அப்புறம் ஒரு ஒலிப்பதிவை ஓட விட்டா.

லேப்டாப்லேருந்து தங்கச்சி குரல்: "இதெல்லாம் ஒரு பொழப்பா? இதை வித்து டீ குடிக்க முடியுமா?" அடுத்த பதிவு: "மறுபடியும் வாட்சா? உனக்கு வேற வேலையே இல்லையா?" அதுக்கு அடியில மெல்லிசா டிக், டிக்.

தங்கச்சி முகம் செவந்து போச்சு. "நிறுத்துக்கா."

"இவ வாயை மூட மாட்டா சார்," அக்கா சொன்னா. "மூடச் சொல்ல எனக்கும் மனசு வரல. அதான், இவ பேசப் பேச வாட்ச் சத்தத்தை மட்டும் தனியாப் பிரிச்சுக் கேக்குற மாதிரி எழுதினேன். இவ திட்டாத நாள்ல எனக்கு டெஸ்ட்டே ஓடாது."

அவர் வாய்விட்டுச் சிரிச்சார். "சரிம்மா, ஒப்பந்தம் அனுப்பறேன். உங்க கையெழுத்து ஒண்ணு போதும்."

"போதாது சார்." அக்கா நிமிர்ந்து உக்காந்தா. "ரெண்டு கையெழுத்து, பணமும் ரெண்டு பங்கு. ஒண்ணு எழுதினவளுக்கு, இன்னொண்ணு திட்டினவளுக்கு."